காவடிச் சுவரொட்டி முதல் காணொளி வரை: வரைகலை, பல்லூடக மென்பொருள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் கணினி வரைகலை சொல்லித்தருகிறேன். பள்ளி மாணவர்கள் வருவார்கள். சுவரொட்டி செய்யும் பொறுப்பு தலையில் விழுந்த இளைஞர் சங்கத்தார் வருவார்கள். பேரன் கல்யாணப் படங்களைச் சீர்படுத்த வேண்டும் என்று தாத்தாக்களும் வருவதுண்டு. தைப்பூசம் நெருங்க நெருங்கக் கூட்டம் கூடும். காவடி முடிந்த வாரம் பாதி நாற்காலி காலியாகிவிடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றை இங்கே எழுதிவைத்தால் அடுத்த தையில் என் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

கணினி வரைகலை என்றால் என்ன? பல்லூடகம் என்பது வேறா?

கணக்குப் போட்டுப் படம் வரைவதுதான் கணினி வரைகலை. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். திரைமீது ஒளிப்பேனாவை வைத்துக் கோடு இழுக்கலாம். இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் கணினியே அவற்றை இணையாக்கிவிடும். இன்று மென்பொருளில் பொருள்களை வரிசையாக்க நீங்கள் அழுத்தும் பொத்தான் அதன் பேரப்பிள்ளை.

எழுத்து, படம், ஒலி, காணொளி, அசைவு ஆகியவற்றில் சில ஒன்றாகச் சேர்ந்தால் பல்லூடகம். காவடிச் சுவரொட்டி வரைகலை. அதே சுவரொட்டியில் மயில் தோகை விரித்து, பின்னால் நாதஸ்வரம் ஒலித்து, பூசை நேரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தால் பல்லூடகம். இதற்குமேல் இலக்கணம் தேவையில்லை.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படம் எங்கே போகப்போகிறது? தாளுக்கா, கைபேசித் திரைக்கா, மண்டபத்துப் புரொஜெக்டருக்கா, வாசலில் கட்டும் பேனருக்கா? இதற்குப் பதில் தெரிந்தால் அளவு, நிறமுறை, கோப்பு வகை எல்லாம் பாதி தாமாகவே முடிவாகிவிடும். தெரியாமல் தொடங்கியவர் கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழைப்பார்.

புகைப்படத்தைத் திருத்துவதற்கு கிம்ப். சின்னம், எழுத்து, பேனர் என்றால் இங்க்ஸ்கேப். தூரிகை பிடித்ததுபோலக் கையால் வரைய கிரிட்டா. பல பக்கங்கள் கொண்ட விழா மலருக்கும் தேவாரப் பாட்டுப் புத்தகத்துக்கும் ஸ்கிரைபஸ். ஒலிக்கு ஆடாசிட்டி, காணொளிக்குக் கேடென்லைவ் அல்லது ஷாட்கட், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். அத்தனையும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிக்கொள்ள வேண்டாம். ஏழு மென்பொருளை நிறுவிவிட்டு ஒன்றைக்கூடத் திறக்காத மடிக்கணினிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

புள்ளிப் படம், கோட்டுப் படம் என்று பிரிக்கிறீர்களே, என்ன வேறுபாடு?

என்னுடைய அவமானத்தைச் சொன்னால் எளிதில் புரியும். நான் செய்த முதல் பேனர் மூன்று மீட்டர் அகலம். அதற்கு முருகன் படம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை எடுத்து, மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்தப் படத்தின் அகலம் 640 பிக்சல், அதாவது 640 நிறப்புள்ளி. மூன்று மீட்டரை 640-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு பிக்சலும் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர்ச் சதுரம். பேனர் கட்டியபின் அருகில் போய் நின்றால் முருகனின் கண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பழுப்புக் கட்டங்கள் இருந்தன. ஒரு பாட்டி கும்பிட்டுவிட்டு, "யார் இது?" என்று கேட்டார்.

அது புள்ளிப் படம், ராஸ்டர் என்பார்கள். கேமரா தருவது, ஸ்கேனர் தருவது எல்லாம் இந்த வகை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் என்று கணினி எழுதிவைத்திருக்கும். பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும், புதிய விவரம் எங்கிருந்தும் வராது.

கோட்டுப் படம், அதாவது வெக்டர், புள்ளிக்கோலம் மாதிரி. கோலத்தைத் தபால் தலை அளவில் போட்டாலும் தேரடி அகலத்துக்குப் போட்டாலும் புள்ளி வரிசையும் கோடு வளையும் முறையும் ஒன்றே. கணினி நினைவில் வைத்திருப்பது "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இப்படி வளைந்து போ" என்ற குறிப்பை மட்டும். ஒவ்வொரு அளவிலும் புதிதாக வரைந்துகொள்ளும். அதனால் பேனரில் கூர்மை குறையாது.

அந்த வளைவுக்குப் பெயர் பெசியே வளைவு. 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே, காரின் உடல் வளைவுகளைக் கணக்கில் பிடிக்க இதைப் பயன்படுத்திப் பரவச் செய்தார். போட்டி நிறுவனமான சிட்ரோயனில் பால் த காஸ்தெல்ழோ அதற்கும் முன்பே இதே கணக்கைக் கண்டுபிடித்திருந்தார். நிறுவனம் வெளியே சொல்லவிடவில்லை. பெயர் போனது இன்னொருவருக்கு. நம் ஊர்ச் சாலையில் ஒரு ரெனோ கடந்துபோகும்போது அதன் மட்கார்டு வளைவைப் பாருங்கள். நீங்கள் இங்க்ஸ்கேப்பில் வேலின் இலையை வரைவதும் அதே சூத்திரத்தில்தான்.

அச்சுக்கு எத்தனை பிக்சல் வேண்டும்?

கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 தாள் என்றால் 2480-க்கு 3508 பிக்சல். மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் போனால், சுருக்காத நிலையில் 26 மெகாபைட். கைபேசி 12 மெகாபிக்சலில் எடுக்கும் படம் 4000-க்கு 3000 இருக்கும், ஏ4-க்குத் தாராளம். பேனரை யாரும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை என்பதால் அங்குலத்துக்கு 100 போதும், சில நேரம் அதைவிடக் குறைவும் போதும்.

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாதா?

முடியும். தாமஸ் நால், ஜான் நால் என்ற அண்ணன் தம்பி எழுதிய ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அச்சுத்தொழில் முழுவதும் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. வேலைக்குப் போகிறவர் அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அது இப்போது மாதச் சந்தாவில்தான் கிடைக்கிறது. ஆண்டுக்கு நான்கு சுவரொட்டி செய்யும் கோவில் இளைஞருக்கு அந்தச் செலவு எதற்கு? பூட்டுடைத்த திருட்டுப் பிரதியை யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். அதோடு வேறு என்னென்ன வரும் என்று கொடுத்தவருக்கும் தெரியாது.

கிம்ப் 1995-இல் பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. முதலில் பார்க்க முரடாகத் தெரியும், ஒரு மாதம் பழகினால் அடங்கிவிடும். ஆயத்த வடிவங்களை வைத்து அட்டை செய்யும் கேன்வாவைப் பற்றியும் கேட்பீர்கள். அதை நான் கேலி செய்வதில்லை. நாளை காலைக்குள் கைபேசியில் ஒரு வாழ்த்து அட்டை வேண்டும் என்றால் அதுவே சரி. எல்லாக் கோவில்களின் அட்டையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறதே என்ற குறை மட்டும் உண்டு.

திரையில் பளிச்சென்று இருந்த நிறம் தாளில் ஏன் செத்துப்போகிறது?

திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. தாள் ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள், பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். அச்சில் இருப்பதோ சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள். திரையில் தெரியும் நிறங்களில் பல அந்த நான்கையும் எப்படிக் கலந்தாலும் வரவே வராது.

மஞ்சள் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் அதற்கென்று தனி மை இருக்கிறது. குங்குமச் சிவப்பு கொஞ்சம் தளரும். அடிவாங்குவது கிளிப்பச்சையும் மயில் கழுத்து நீலமும். காவடிச் சுவரொட்டியில் இவை இரண்டும் இல்லாமல் இருக்குமா? எனவே அச்சுக்குப் போகும் வேலையை ஆரம்பத்திலேயே அச்சு நிறத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிட்டாவும் ஸ்கிரைபஸும் நான்கு மை முறையில் வேலை செய்யும். கிம்ப்பில் அச்சில் எப்படித் தெரியும் என்று முன்னோட்டம் பார்க்கலாம். கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மையை மட்டும் வையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பாக வைத்தால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலே சிறிய எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். வெட்டும் விளிம்புக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணியை நீட்டிவிட மறக்கவேண்டாம்.

தமிழ் எழுத்து ஏன் உடைந்து வருகிறது?

இதைக் கேட்காத வாரம் இல்லை. நான் பொறுமையாகப் பதில் சொல்லும் கேள்வியும் இதுதான், ஏனென்றால் இந்தத் தீவில் அச்சகத்தில் தவறைக் கண்டுபிடிக்க நம்மைவிட்டால் ஆள் இல்லை. கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனாலும் அவர் கண்ணுக்கு எல்லாம் அழகான சித்திரம்தான்.

தமிழில் 247 எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. அப்படியானால் 247-ம் எப்படி அடங்குகின்றன? ‘க’, ‘ச’ போன்ற அகர எழுத்துகளைத் தவிர மற்ற உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் கிடையாது. அகர எழுத்து ஒன்று, உயிர்க்குறி ஒன்று என்று சேர்த்துக் கட்டுகிறோம். ‘கோ’ என்பதைக் கணினி ‘க’, அதன்பின் ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்குக் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, இரட்டைக் கொம்பை ‘க’வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ‘வேல்’ என்பதிலும் அதே கதை: சேமிப்பில் ‘வ’ முன்னால், திரையில் கொம்பு முன்னால். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்தைக் கோக்கும் தனி நிரல். அது இல்லாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது ஒரு புள்ளிவட்டம் முளைக்கும்.

கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துகின்றன, ஆகவே தமிழ் சரியாக வரும். (அந்தப் பெயர் பாரசீகச் சொல், ‘திறந்த எழுத்து’ என்று பொருள்.) ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் உடைந்தால் விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

இன்னொரு வகை நோயும் உண்டு. பழைய விழா மலர்க் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். அது உடைந்த தமிழ் அன்று. யூனிகோடு பரவுவதற்கு முன் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் இருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் வேடம் கலைந்துவிடும். மாற்றி நிரல் ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சரி, வீட்டில் சரியாக வந்தது, அச்சகத்தில் உடைந்தது என்றால்? ஒரு பொங்கல் பேனரில் எனக்கு அதுதான் நடந்தது. அச்சகத்தில் கோப்பை வேறு மென்பொருளில் திறந்தார்கள். ‘பொங்கல்’ பிளந்து, கொம்பு அனாதையாக நின்றது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: அனுப்புமுன் எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றிவிடுவேன். இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பிறகு அது எழுத்தே இல்லை, வெறும் வளைவு. எங்கே திறந்தாலும் உடையாது. அதே காரணத்தால் திருத்தவும் முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று அரை மணி நேரத்தில் கட்டாயம் அழைப்பு வரும்.

இதற்கெல்லாம் இவ்வளவு அலட்டலா என்று ஓர் இளைஞர் கேட்டார். சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுக்கச் சொன்னேன். மொரிஷியஸ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசனின் முகம் இருக்கும் நோட்டு அது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் வரியை நாகரி வரிக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர் எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எழுத்தின் இடத்துக்கே அப்படி என்றால் உடைந்த எழுத்துக்கு என்ன பெயர்?

படத்தை எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது?

புகைப்படத்துக்கு ஜேபெக். அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுண்விவரத்தைக் கழித்துவிடும். கழித்தது திரும்பாது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். நிற விவரத்தை அது ஒளி விவரத்தைவிட அதிகமாகக் கழிப்பதால், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தால் விளிம்பு கசிந்தாற்போல் இருக்கும். எழுத்து, சின்னம், பின்னணி இல்லாத படம் என்றால் பிஎன்ஜி. கோட்டுப் படத்துக்கு எஸ்விஜி, அச்சகத்துக்குப் பிடிஎஃப். அசையும் வாழ்த்துப் படங்களுக்குப் புகழ்பெற்ற ஜிஃப் 1987-இல் பிறந்த கிழவர். ஒரு சட்டகத்துக்கு, அதாவது அசைவிலுள்ள ஒரு தனிப் படத்துக்கு, 256 நிறம்தான் அவருக்குத் தெரியும். விளக்கு ஒளியில் எடுத்த சாமி படத்தை அவரிடம் கொடுத்தால் திட்டுத்திட்டாகிவிடும்.

லேயர் என்கிறார்களே?

காவடி கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் மரச்சட்டம், அதன்மேல் துணி, அதன்மேல் பூ, கடைசியாக மயிலிறகு. பூ வாடினால் பூவை மட்டும் மாற்றுகிறோம், சட்டத்தைத் தொடுவதில்லை. லேயர் எனும் அடுக்கும் அப்படித்தான். மென்பொருளைப் பிரெஞ்சு மெனுவில் வைத்திருப்பவர்கள் ‘கால்க்’ என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். வரைபடத்தின்மேல் வைத்துப் படியெடுக்கும் ஒளிபுகும் தாளுக்கு உரிய சொல் அது. பொருத்தமான பெயர்.

பாட்டியின் பழைய படத்தை மீட்க முடியுமா?

அநேகமாக முடியும். கைபேசியில் படம் பிடிக்காமல் ஸ்கேனரில் 600 புள்ளியில் எடுத்து, டிஃப் கோப்பாக வையுங்கள். கிம்ப்பில் குணமாக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பக்கத்திலுள்ள நல்ல தோலை எடுத்துக் கீறல்மேல் போட்டு, நிறத்தையும் அதுவே ஒட்டவைக்கும். புதிய அடுக்கில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். என் கருத்து, கீறலை எடுக்கலாம், சுருக்கத்தை எடுக்கக்கூடாது. கன்னத்தை மெழுகிவிட்டுக் கொடுத்த ஒரு படத்தைப் பார்த்து மகளே அடையாளம் தெரியாமல் விழித்ததைக் கண்டிருக்கிறேன்.

பழைய நாட்காட்டிச் சாமி படத்தை ஸ்கேன் செய்தால் வலைபோல் ஒரு கோலம் விழுகிறதா? அச்சிலுள்ள மைப்புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதுவதால் வருவது அது. பெரிய அளவில் எடுத்து, மிக இலேசாக மங்கலாக்கி, பிறகு சிறிதாக்குங்கள்.

ஐந்து நிமிடக் காணொளி ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறது?

சுருக்கியபிறகும் இவ்வளவா என்று கேட்கிறீர்கள். சுருக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு சட்டகம் 1920-க்கு 1080 பிக்சல். மூன்று பைட் வீதம் 6.2 மெகாபைட். நொடிக்கு 25 சட்டகம் என்றால் 155 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 9.3 கிகாபைட்! கைபேசியில் வரும் கோப்போ நிமிடத்துக்கு 60 மெகாபைட் அளவில்தான் இருக்கிறது. அசையாத கோபுரத்தை ஒவ்வொரு சட்டகத்திலும் திரும்ப எழுதாமல், முந்திய சட்டகத்திலிருந்து எது நகர்ந்தது என்பதை மட்டும் எழுதுவதால் கிடைக்கும் சிக்கனம் இது. 2003-இல் வந்த எச்.264 முறை இன்றும் எங்கும் ஓடும். சந்தேகம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எம்பி4 என்பது பாத்திரத்தின் பெயர், உள்ளே இருக்கும் சமையல்தான் எச்.264. பாத்திரம் ஒன்றாக இருந்தும் சில கோப்புகள் ஓடாமல் போவது உள்ளே சமையல் வேறாக இருப்பதால்.

கோவிலுக்குள் எடுத்த காணொளியில் பட்டை பட்டையாக ஏதோ ஓடுகிறது. கைபேசி பழுதா?

பழுது இல்லை, மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ட்யூப் லைட் அதனால் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண் அதைக் கவனிக்காது, கேமரா கவனிக்கும். கையால் அமைக்கும் முறைக்குப் போய், ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்காக வையுங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் முழு ஏற்ற இறக்கம் விழுவதால் பட்டை மறைந்துவிடும். சட்டக வேகத்தையும் 25 ஆக்கிக்கொண்டால் நல்லது. அலங்காரத்துக்குப் போடும் சில மலிவான சரவிளக்குகள் இதற்கும் அடங்கமாட்டா. அவற்றைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

நாதஸ்வரத்தைப் பதிவுசெய்தால் கரகரக்கிறதே, ஆடாசிட்டியில் சரிசெய்யலாமா?

முடியாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஒலியைக் கணினி நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. அந்த எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். வெட்டுண்ட தலையைப் பின்னால் ஒட்டவைக்க எந்த மென்பொருளாலும் சரியாக முடியாது. அமைதியான இடத்தில் இரைச்சலைக் குறைக்கலாம், மின்விசிறியின் ஊளையை எடுக்கலாம், வெட்டுண்டதை மட்டும் மீட்க முடியாது.

செய்ய வேண்டியதை முன்பே செய்யுங்கள். வித்வானைச் சுருதி சேர்க்கச் சொல்லாமல், அவர் வாசிக்கும் மிக உரத்த இடத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது அளவுகோல் கழித்தல் 12 டெசிபல் அருகில் நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியைச் சீவாளி முன்னாலோ அணைசு முன்னாலோ நீட்டாமல் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். காணொளியோடு சேர்ப்பதாக இருந்தால் 48,000-இல் பதிவுசெய்வதே முறை. முதலில் சுருக்காத வேவ் கோப்பு. நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் சொச்சம் ஆகட்டும், எம்பி3 கடைசியில்தான்.

பாட்டு தமிழில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் திரையின் அடியில் வரி போடலாமா?

அவசியம் போடுங்கள், நான் மிகவும் விரும்பிச் சொல்லித்தருவது அதுதான். வசன வரிக் கோப்பு வெறும் எழுத்துதான்: ஒரு வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன்கீழ் வரி. கேடென்லைவிலேயே செய்யலாம். தமிழ் வரி ஒன்று, கிரியோல் வரி ஒன்று என்று இரண்டு கோப்பாக வைத்தால் பார்ப்பவர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். சேமிக்கும்போது யூடிஎஃப்8 குறிமுறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் வரி கேள்விக்குறிகளாகிவிடும்.

முப்பரிமாணம், அனிமேஷன் எல்லாம் நம்மால் ஆகுமா?

பிளெண்டர் ஒரு காலத்தில் ஒரு நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனம் நொடித்தபோது, அதை எழுதிய டச்சுக்காரர் டான் ரூசெண்டால் மக்களிடம் பணம் திரட்டினார். 2002-இல் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது, நிரல் பொதுச்சொத்தானது. லாத்விய இயக்குநர் ஒருவர் ஒரு சிறிய குழுவோடு அதே பிளெண்டரில் செய்த முழுநீளப் படம் 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. லாத்வியாவின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. நம் தீவைப்போல ஒன்றரை மடங்கு, அவ்வளவே.

ஆனால் ஒரு மயிலை நடக்கவைக்க ஆறு மாதம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படிப்பட்ட கணினி வாங்குவது?

சுவரொட்டி வேலைக்கு 8 கிகாபைட் நினைவகம் போதும்; காணொளிக்கும் பிளெண்டருக்கும் 16, தனி வரைகலை அட்டை. பழைய வன்தட்டு இருந்தால் அதை எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமாக) மாற்றுவது புதுக் கணினி வாங்கியதுபோல் இருக்கும். மீதிப் பணத்தில் நல்ல திரை வாங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் படம் தருகிறதே, பின் எதற்குக் கற்க வேண்டும்?

தரட்டும். போன தையில் ஒருவர் அப்படிச் செய்த முருகன் படத்தைக் கொண்டுவந்தார். ஒளி, புகை, தங்கம் எல்லாம் பிரமாதம். கையிலிருந்த வேலாயுதத்தை மட்டும் திரிசூலமாக்கிவிட்டிருந்தது, மயிலுக்கு மூன்று கால். கீழே தமிழ் மாதிரி ஒரு வரி; எந்த மொழியிலும் படிக்க முடியவில்லை. பின்னணி மேகம், பூவேலை போன்றவற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். சாமியையும் எழுத்தையும் நீங்களே போடுங்கள். காலை எண்ணிப் பார்க்கவும் ஒரு கண் வேண்டும்.

இணையத்தில் கிடைத்த படத்தையும் பாட்டையும் போடலாமா?

கிடைத்தது என்பதால் நமதாகிவிடாது. நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பிறர் பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படங்களைத் தேடி எடுங்கள், எடுத்தவர் பெயரைப் போடச் சொன்னால் போடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைத்தால் காணொளித் தளங்கள் தாமாகவே கண்டுபிடித்து ஒலியை அடைத்துவிடும்; அதைவிட நம் நாதஸ்வரக்காரரைக் கேட்டு அரை மணி நேரம் பதிவுசெய்துகொள்வது மேல். அலகு குத்தியவர்களின் முகத்தை நெருக்கமாக எடுத்திருந்தால், வெளியிடும் முன் அவர்களைக் கேளுங்கள். விரதத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், காவடி இறக்கிச் சாப்பிட்ட பிறகு கேளுங்கள்.

வகுப்பில் சேர்ந்தால் முதல் நாள் என்ன செய்யச் சொல்வீர்கள்?

வீட்டு வாசலில் போட்ட கோலத்தை நேர்மேலிருந்து கைபேசியில் எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்க்ஸ்கேப்பில் அதைக் கீழ் அடுக்கில் போட்டுப் பூட்டிவிட்டு, மேல் அடுக்கில் பேனாக் கருவியால் அதன்மேல் கோடு இழுக்க வேண்டும். முதல் வாரம் எல்லாரும் புள்ளிக்குப் புள்ளி சொடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு வளைவுக்கு முப்பது புள்ளி இருக்கும், கோடு நடுங்கும். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் சொடுக்கி, கையை எடுக்காமல் இழுத்தால் ஒரு கைப்பிடி நீளும், கோடு தானாக வளையும். நாலு புள்ளியில் ஒரு முழுச் சுழி முடிந்துவிடும். அது வந்த அன்று வீட்டுக்குப் போகலாம். மடிக்கணினியின் சார்ஜரை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள், மண்டபத்தில் இருப்பது இரண்டே பிளக்.